மூடிய குப்பைமேட்டில் சூரிய மின்நிலையம்: வடக்குப் பகுதியை ஏன் கழற்றினோம்

எதைப் பற்றிய பதிவு

நகரக் குப்பையைக் கொட்டி நிரப்பி, பிறகு முறைப்படி மூடிய ஒரு மேட்டின் உச்சியில் 4 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்த பணியில் மண்பொறியியல் தரப்பில் இருந்தேன். முதல் கள ஆய்விலிருந்து, நிலையம் ஓடத் தொடங்கி மூன்றாம் ஆண்டு முடியும்வரை நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். 4 மெகாவாட்டில் 3.2 இன்றும் நன்றாக ஓடுகிறது. மீதி 0.8 மெகாவாட்டைப் பதினேழாம் மாதத்தில் நாங்களே கழற்றினோம்.

இடத்தின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் இங்கே வராது. இந்த மேட்டில் நடந்தது மூடிய குப்பைமேடு எதிலும் நடக்கக்கூடியது. சூரிய மின்சாரத்தில் பழகியவர்களுக்குக் குப்பைமேட்டின் குணம் தெரிவதில்லை. குப்பைமேட்டைப் பராமரிப்பவர்களுக்கு மின்பணி தெரிவதில்லை. எங்கள் தவறுகளில் பாதி அந்த இடைவெளியில்தான் நேர்ந்தன.

பின்னணி

மேடு ஏறத்தாழ 20 ஆண்டுகள் குப்பை வாங்கியது. நடுவில் கழிவின் தடிமன் 18 மீட்டர். தெற்குப் பகுதி முதலில் நிரம்பியது. நாங்கள் போனபோது அதை மூடி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக நிரம்பிய வடக்குப் பகுதியை மூடி 4 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் இந்த ஏழாண்டு வித்தியாசம்தான் வேர்.

மேல்மூடி அடுக்கடுக்காகப் போடப்பட்டிருந்தது. கழிவின் மேல் சமன்படுத்திய மண். அதற்கு மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள, நீர் புகாத எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட். ஷீட்டின் மேல் மழைநீரைப் பக்கவாட்டில் வடியவிடும் வடிகால் அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேல் 60 செ.மீ. மண்ணும் புல்லும். மேல்மூடிக்கு இரண்டு வேலை. மழைநீர் கழிவுக்குள் இறங்காமல் தடுக்க வேண்டும், ஏனென்றால் இறங்கும் ஒவ்வொரு சொட்டும் கசிவுநீராக அடியில் சேரும். கழிவு மட்கும்போது உண்டாகும் வாயு கண்டபடி வெளியேறாமலும் அது தடுக்க வேண்டும். காற்றில்லாமல் மட்கும் நகரக் குப்பையிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. இங்கே கிணறுகள் இறக்கி, குழாய்கள் வழியாக வாயுவை உறிஞ்சி, மேட்டின் அடிவாரத்தில் எரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்ப முடியாது. பயிர் செய்ய முடியாது. வேர் ஆழமாக இறங்கும் மரமும் வைக்கக் கூடாது. வெயில் மட்டும் தடையில்லாமல் விழுகிறது. பெரும்பாலும் மின்பாதையும் அருகிலேயே போகிறது. அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008 முதல் மாசுபட்ட நிலங்களிலும் மூடிய குப்பைமேடுகளிலும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிக்கத் தனித் திட்டமே நடத்தியது. மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிஸில் 2018இல் மூடிய குப்பைமேட்டின் மேல் 18 மெகாவாட் நிலையம் வந்தது. ஜார்ஜியாவின் ஹிக்கரி ரிட்ஜ் மேட்டில் 2011இல் வேறு வழியில் போனார்கள்: மேலே மண் போடாமல், மூடிய படலத்தின் மீதே வளையும் மெல்லிய பேனல்களை ஒட்டினார்கள். எங்கள் மேட்டில் மண்ணும் புல்லும் ஏற்கெனவே இருந்ததால் அந்த வழி பொருந்தவில்லை.

மேடு உள்ளாட்சி நிர்வாகத்துக்குச் சொந்தம். ஒரு மின்நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நிலையத்தை அமைத்து நடத்த வேண்டும். வாயுக் குழாய்களையும் கசிவுநீர் பம்புகளையும் மூன்றாவதாக ஒரு ஒப்பந்ததாரர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குழு மின்நிறுவனத்துக்காக வேலை செய்தது. ஒரே மேட்டில் இப்படி மூன்று தரப்பு.

கள ஆய்வில் கண்டவை

முதல் நாள் ஆய்வு, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. தெற்குப் பகுதி காய்ந்திருந்தது. வடக்கில் ஓரிடத்தில் வட்டமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. ஆழம் கணுக்கால் அளவுகூட இல்லை. அதன் நடுவில் சின்னச் சின்னக் குமிழ்கள் விட்டுவிட்டு மேலே வந்துகொண்டிருந்தன. எங்கள் சர்வேயர் இளைஞர். "சார், இந்தத் தண்ணி கொதிக்குது பாருங்க" என்றார். வாயுக் குழாய்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்திருந்தார். "தம்பி, அது கொதிக்கல. கீழேருந்து வாயு வருது. போன வருஷம் இந்தப் பள்ளம் கிடையாது" என்றார்.

அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலும் ஒவ்வொரு செய்தி இருந்தது. ஷீட்டில் எங்கோ ஓட்டையோ, பிரிந்த தையலோ இருக்கிறது என்பது முதலாவது. இங்கே நிலம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது இரண்டாவது. இரண்டும் அன்றைய குறிப்பேட்டில் ஏறின. முதலாவதை எல்லாரும் பெரிதாக எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தைத் தோண்டி ஷீட்டை ஒட்டினார்கள். இரண்டாவது, அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு வரியாக நின்றுவிட்டது.

நிலம் ஏன் இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதிதாகக் கொட்டிய குப்பை தன் எடையாலேயே முதலில் அமுங்கும். அதன் பிறகு உணவுக் கழிவு, காகிதம், மரம் எல்லாம் மட்கி, திடப்பொருளில் ஒரு பங்கு வாயுவாகப் போய்விடும். போன பங்கின் இடம் வெற்றிடமாகும். மேலே உள்ளது அதில் சரியும். தகர டப்பாவும் பழைய மெத்தையும் பல ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டு ஒருநாள் நொறுங்கும். இப்படிக் கழிவின் உயரத்தில் கால் பங்கு வரைகூடக் குறையக்கூடும். பெரும்பகுதி இறக்கம் முதல் சில ஆண்டுகளில் நடந்துவிடும்; பிறகு வேகம் குறையும், ஆனால் பல்லாண்டுகளுக்கு முழுதாக நிற்காது. மேடு முழுதும் ஒரே சீராக இறங்கினால் பேனல்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. ஓரிடம் ஒரு கை இறங்கி, நாலு மீட்டர் தள்ளி ஒரு விரல் மட்டும் இறங்குவதுதான் கம்பியையும் கண்ணாடியையும் உடைக்கிறது.

மேல்மண்ணின் ஆழத்தைப் பார்க்க 40 இடங்களில் கையால் குழி தோண்டினோம். ஷீட் கிழிந்துவிடும் என்பதால் இயந்திரத்தை விடவில்லை. வரைபடத்தில் 60 செ.மீ. என்று இருந்தது. பெரும்பாலான குழிகளில் 50 முதல் 65 வரை கிடைத்தது. சரிவு தொடங்கும் விளிம்பில் நான்கு குழிகளில் 35தான் இருந்தது; மழை அரித்துவிட்டிருந்தது. அந்த விளிம்பில் எதையும் வைப்பதில்லை என்று அங்கேயே முடிவானது.

நிலம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, மேட்டில் 22 இடங்களில் மட்டக் குறிகளை ஊன்றி அளந்தோம். ஐந்து மாத அளவு கையில் இருந்தபோது வடிவமைப்பைத் தொடங்கச் சொன்னார்கள். அந்த ஐந்து மாதத்தில் பெரும்பகுதி வறண்ட காலம். தெற்கில் இறக்கம் 1 செ.மீ.க்கும் குறைவு. வடக்கில் 3 முதல் 5 செ.மீ. "ஆண்டுக்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்" என்று நானே எழுதினேன். ஈரம் ஏறினால் மட்கும் வேகமும் ஏறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மழைக்கால அளவு கையில் இல்லாமல் ஆண்டுக் கணக்கு எழுதியிருக்கக் கூடாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சாதாரண நிலத்தில் சூரியப் பலகைகளைத் தாங்க இரும்புத் தூண்களை ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்குவார்கள். இங்கே அப்படிச் செய்தால் ஒவ்வொரு தூணும் ஷீட்டில் ஒரு ஓட்டை. ஆகவே மண்ணின் மேல் கான்கிரீட் கட்டைகளை வைத்து, அவற்றின் எடையாலேயே சட்டங்களைப் பிடித்து நிறுத்தும் முறையை எடுத்தோம். காற்று பேனலைத் தூக்கப் பார்க்கும். கட்டையின் எடை அதை எதிர்க்க வேண்டும். பேனலை நிமிர்த்தி வைக்க வைக்கக் காற்றின் பிடி கூடும், கட்டையும் கனக்க வேண்டியிருக்கும். அதனால் உற்பத்தியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சாய்வைத் தாழ்வாக வைத்தோம். வெயிலைத் தொடர்ந்து திரும்பும் டிராக்கர் வகையை முதல் கூட்டத்திலேயே ஒதுக்கினோம். நீண்ட சுழல்தண்டு நேராக இருந்தால்தான் அது வேலை செய்யும். இறங்கும் நிலத்தில் நேர்கோடு நிலைக்காது.

ஒரு கட்டை 1.1 டன். அடிப்பரப்பு 1.5 சதுர மீட்டர். பேனலின் பங்கையும் சேர்த்தால்கூட, ஒரு ஆள் இரு காலில் நிற்கும்போது பாதத்தின் கீழ் விழும் அழுத்தத்தைவிட இது குறைவு. இந்த ஒப்பீட்டைக் கூட்டத்தில் சொன்னபோது உள்ளாட்சிப் பொறியாளர் நம்பவில்லை. தாளில் போட்டுக் காட்டிய பிறகே கையெழுத்திட்டார். மேல்மூடியை மிரட்டுவது கட்டையல்ல, கட்டையைக் கொண்டுவரும் வண்டி. லாரி டயரின் கீழ் அழுத்தம் இதைப்போல அறுபது, எழுபது மடங்கு.

கேபிள்களை மண்ணில் புதைக்கவில்லை. தரைக்கு மேல் டிரேயில் கொண்டுபோனோம். மின்கசிவை நிலத்துக்குள் கடத்தும் எர்த் ராடை ஆழமாக அடிக்க முடியாது என்பதால், செம்புக் கம்பியை மேல்மண்ணிலேயே கிடைமட்டமாக வலைபோல் பரப்பினோம். சுற்றுவேலிக் கம்பங்களுக்கும் குழி தோண்டாமல் கான்கிரீட் அடிக்கட்டைதான். பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கழிவு இல்லாத அடிவார நிலத்தில் வைத்தோம். இதில் விவாதமே எழவில்லை. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். மூடிய பெட்டிக்குள் வாயு சேர்ந்து அங்கே ஸ்விட்ச் விழுவதை யாரும் விரும்பமாட்டார்கள். மேட்டின் மேல் தவிர்க்க முடியாத பல பேனல் வரிசைகளின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் காம்பைனர் பாக்ஸ்களைத் தரையிலிருந்து உயர்த்தி, கீழிருந்து வாயு ஏற வழியில்லாதபடி கேபிள் நுழைவுகளை அடைத்து, வாயுக் கிணறுகளிலிருந்து விலக்கி வைத்தோம்.

இனி வடக்குப் பகுதி. அதை விட்டுவிட்டால் நிலையம் 3.2 மெகாவாட்டோடு நின்றுவிடும். மின்நிறுவனம் 4 மெகாவாட்டுக்கு ஏற்கெனவே இணைப்பு அனுமதியும் கடனும் வாங்கியிருந்தது. "இரண்டு ஆண்டு பொறுங்கள், அளந்துவிட்டுப் போடலாம்" என்பது என் முதல் கருத்து. அனுமதிக்குக் கெடு இருந்தது. கடைசியில் ஒரு நடுவழிக்கு ஒத்துக்கொண்டோம்: வடக்கில் நீண்ட வரிசைக்குப் பதில் ஒரே சட்டத்தில் 12 பேனல் கொண்ட குட்டி மேசைகள், கால்களை 15 செ.மீ. வரை உயர்த்தித் தாழ்த்தும் துளைகள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டம் சரிசெய்தல். காகிதத்தில் இது பொறுப்பான தீர்வாகவே தெரிந்தது. ஆனால் ஆண்டுக்கு 10 செ.மீ. என்ற என் எண்ணை நம்பித்தான் அந்த 15 செ.மீ. வந்தது. ஒத்துக்கொண்ட குறிப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கட்டுமானத்தில் ஒரு விபத்து

வேலைப் பாதைகளை முன்பே குறித்திருந்தோம்: துணிப்படலம் விரித்து, அதன்மேல் ஜல்லி கொட்டிய பாதை. அதில்தான் லாரி வர வேண்டும். அங்கிருந்து கட்டைகளை ரப்பர் செயின் பூட்டிய சிறிய வண்டி எடுத்துப்போகும். ஆறாவது வாரம், இரவு மழைக்குப் பிறகு, நாலு கட்டை ஏற்றிய லாரி ஒன்று பாதையை விட்டுப் புல்லில் இறங்கிக் குறுக்கே வந்தது. நாற்பது மீட்டர் நீளத்துக்கு இரட்டைத் தடம். ஆழமான இடத்தில் கை விட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் வழுவழுப்பான கறுப்பு ஷீட் தட்டுப்பட்டது. மேலே இருந்த வடிகால் அடுக்கு நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது.

வேலையை நிறுத்தினோம். தடம் முழுவதையும் கையால் திறந்து பார்த்தபோது ஷீட்டில் ஒரு சாண் நீளக் கிழிசல் ஒன்றும் இரண்டு அழுத்தக் காயங்களும் இருந்தன. சேதத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் விளிம்பு விட்டு ஒட்டுத்துண்டு வைத்து, சூடாக்கிப் பற்றவைத்து, ஒட்டின் மேல் சோப்பு நீர் தடவி வெற்றிடப் பெட்டியால் சோதித்தார்கள். குமிழ் வரவில்லை என்ற பிறகே மண் போட்டார்கள். ஒன்பது நாள் போனது. ஓட்டுநர் மீது பழியைப் போட்டுவிட்டு நகர யாருக்கும் மனமில்லை. அவருக்கு அது வெறும் புல்வெளி. அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அன்றுமுதல் மேட்டில் ஏறும் ஒவ்வொருவரிடமும் மேல்மூடியின் ஒரு வெட்டுத்துண்டைக் கையில் கொடுத்து, ஷீட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி விளக்கினோம். அதன்பிறகு தடம் விழவில்லை.

இயக்கத்தின் முதல் ஆண்டு

நிலையம் ஓடத் தொடங்கியது. உற்பத்தி கணித்ததற்கு நெருக்கமாகவே இருந்தது. அதில் சொல்ல அதிகமில்லை.

மழைக்காலத்தில் முதல் பாடம் வந்தது. பேனலில் விழும் மழை முழுவதும் கீழ் விளிம்பில் ஒரே கோடாகச் சொட்டுகிறது. முன்பு புல் முழுதும் பரவி விழுந்த தண்ணீர் இப்போது ஒரு விரல் அகலக் கோட்டில் விழுகிறது. மூன்றே மழையில் வரிசைக்கு வரிசை உழுத சால் மாதிரி பள்ளம் பறிந்தது. 60 செ.மீ. மேல்மண் உள்ள இடத்தில் 8 செ.மீ. போவது சின்ன விஷயமல்ல. சொட்டுக் கோட்டில் துணிப்படலமும் அதன்மேல் சிறு ஜல்லியும் பரப்பினோம். மேசைக்கு அடியில், நிழலில் வளரும் புல் வகையை விதைத்தோம். தெற்கில் அரிப்பு நின்றது. இதை வரைபடத்திலேயே போட்டிருந்தால் பாதி உழைப்பில் முடிந்திருக்கும்.

வடக்கில் தொடங்கிய சிக்கல்

பதினான்காம் மாதம். வடக்குப் பகுதியின் இன்வெர்ட்டர் காலையில் இன்சுலேஷன் எச்சரிக்கை காட்டி நின்றது. பத்து மணிக்குமேல் தானாகவே ஓடியது. மறுநாளும் அப்படியே. ஈரம் இருக்கும்போது மட்டும் எங்கோ மின்கசிவு. வெயில் ஏறிக் காய்ந்ததும் சரியாகிறது. இயக்கக் குழு இரண்டு வாரம் கனெக்டர்களை மாற்றிக்கொண்டிருந்தது. மேடு இறங்குவதால் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. மட்ட அளவுகள் அவர்களுக்குப் போவதே இல்லை, எங்களுக்குத்தான் வந்தன. எங்களுக்கு எச்சரிக்கைப் பதிவுகள் வருவதில்லை.

நான் போனபோது கேபிள் டிரேயைத் தொடர்ந்து நடந்தேன். 40 மீட்டர் வரை சரியாக இருந்தது. பிறகு டிரே மெல்ல இறங்கி, இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் வாய்பிளந்து நின்றது. உள்ளே தளர்வாகக் கிடக்க வேண்டிய கேபிள்கள் துணி காயப்போடும் கயிறுபோல விறைத்திருந்தன. டிரேயின் கூர்விளிம்பில் ஒரு கேபிளின் மேலுறை அறுந்து செம்பு தெரிந்தது. பனித்துளி அதன்மேல் நின்றது. காலைதோறும் வந்த எச்சரிக்கை அங்கிருந்துதான்.

அன்று மாலையே மட்டம் எடுத்தோம். பள்ளத்தின் நடுவில், நிலையம் தொடங்கிய நாளிலிருந்து 34 செ.மீ. இறக்கம். பன்னிரண்டு மீட்டர் தள்ளி விளிம்பில் 9 செ.மீ. 15 செ.மீ. துளையால் இதைச் சரிக்கட்ட முடியாது. மூன்று மேசைகள் முறுக்கிக்கொண்டிருந்தன. ஓரக் கிளாம்ப்புகள் கழன்று, இரண்டு பேனல்களின் கண்ணாடி விரிசல்விட்டிருந்தது. மேசைகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. முதல் நாள் குமிழ் பார்த்த அதே வட்டம்தான், இப்போது மூன்று மடங்கு பெரிது.

இதைவிடப் பெரிய கவலை மறுநாள் தெரிந்தது. அந்தப் பகுதியின் வாயுக் குழாயும் நிலத்தோடு சேர்ந்து தொய்ந்திருந்தது. குப்பையிலிருந்து வரும் வாயு வெதுவெதுப்பாக, ஈரம் நிறைந்து வரும். குழாயில் குளிர்ந்து நீராகும். குழாய் சரிவாக இருந்தால் அந்த நீர் வடிந்துவிடும். தொய்ந்த இடத்தில் தேங்கி, குழாயையே அடைத்துவிட்டது. உறிஞ்சும் சக்தி அந்தப் பக்கக் கிணறுகளை எட்டவில்லை. போக வழியில்லாத வாயு மேல்மூடியின் விளிம்புகள் வழியாக வெளியேறத் தொடங்கியது. மேற்பரப்பு அளவீட்டில் அமெரிக்க விதி வைக்கும் வரம்பு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) மீத்தேன். எங்கள் கருவி இரண்டு மேசைகளுக்கு நடுவே அதைத் தாண்டிக் காட்டியது. திறந்தவெளியில் வெடிக்கும் அளவுக்கு அது பக்கத்தில்கூட இல்லை. ஆனால் பத்தடியில் செம்பு தெரியும் கேபிள் இருந்தது.

வாயுக் குழுவுக்கு இது நான்கு மாதமாகவே தெரியும். குழாயைச் சரிசெய்ய அவர்களின் வண்டி போக வேண்டும். வழியில் எங்கள் மேசைகள் நின்றன. கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அது குத்தகைப் பிரிவுக்குப் போய் அங்கேயே கிடந்தது. முதல் நாள் பள்ளத்தைக் காட்டிய பெரியவர் என்னைப் பார்த்ததும் முதலில் இதைத்தான் கேட்டார்: "எங்க வண்டி போக ஒரு வழி விட்டிருக்கலாமே சார்?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கழற்றும் முடிவு

மூன்று தரப்பும் உட்கார்ந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மேசைகளை உயர்த்தி, கேபிளை மாற்றித் தொடர்ந்து ஓட்டுவது. மற்றது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குழாயைச் சரிசெய்து, பள்ளத்தை மண் நிரப்பிச் சரிவு கொடுத்து, நிலம் அடங்கும்வரை காத்திருப்பது. மின்நிறுவனத்தின் நிதிப்பிரிவு முதல் வழியைக் கேட்டது. அவர்களின் நெருக்கடி உண்மையானது. நான் இரண்டாவதைச் சொன்னேன். காரணம் ஒன்றே ஒன்று: பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்வரை மேல்மூடி தன் வேலையைச் செய்யாது. மேல்மூடி வேலை செய்யாத மேட்டில் பேனல்கள் இருப்பதற்கு நியாயம் இல்லை. குப்பைமேடு இருக்கும் காலம்வரை மேல்மூடிதான் முதல் உரிமைக்காரர். சூரிய நிலையம் அதன் மேல் குடியிருக்கிறது, அவ்வளவுதான். இதை அந்தக் கூட்டத்தில் இந்தச் சொற்களிலேயே சொன்னேன். உள்ளாட்சிப் பொறியாளர் உடன் நின்றார்.

கழற்றுவதும் எளிதாக இல்லை. பகலில் பேனலை அணைக்க முடியாது. வெயில் படும்வரை அதில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். தொடராக இணைத்த ஒவ்வொரு பேனல் வரிசையையும் (ஸ்ட்ரிங்) அதிகாலையிலும் மாலை மங்கலிலும் மறைப்புத் துணி போர்த்திப் பிரித்தார்கள். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் வாயு அளவு பார்த்தார்கள். மூன்று வாரம் ஆனது. எடுத்த பேனல்களில் நல்லவற்றில் ஒரு பகுதியை அடிவாரத்தில் கழிவில்லாத நிலத்தில் இரும்புத் தூண் அடித்தே நிறுத்தினார்கள். மீதி கிடங்கில் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு முடிவில்

தெற்குப் பகுதியில் மூன்று ஆண்டில் அதிகபட்ச இறக்கம் 6 செ.மீ., பெரும்பாலும் சீராக. ஒரே ஒருமுறை பதினொரு மேசைகளின் கால்களைச் சரிசெய்தோம். வடக்கில் பள்ளத்தை நிரப்பி, குழாயைச் சரிவு கொடுத்து மீண்டும் போட்ட பிறகு மேற்பரப்பில் வாயு வரம்புக்குக் கீழே வந்தது. கசிவுநீர்க் கிணற்றில் பம்பு ஓடும் நேரமும் குறைந்தது. சூரிய நிலையம் வந்ததால் கசிவுநீர் குறைந்ததாக ஒரு அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அது சரியல்ல. பள்ளம் நிரம்பியதால் குறைந்தது.

மறுபடி செய்தால்

மட்ட அளவுகளை இரண்டு மழைக்காலமாவது எடுத்த பிறகே வரைபடத்தைத் தொடங்குவேன். மேட்டை ஒரே இடமாகப் பார்க்காமல், மூடிய ஆண்டு வாரியாகப் பிரித்துப் பார்ப்பேன். எங்கள் மேட்டில் இரண்டு மேடுகள் இருந்தன. நாங்கள் ஒன்றுக்கு வடிவமைத்தோம். இளைய பகுதிக்கு இணைப்பு அனுமதியே பின்னால் கேட்கும்படி திட்டத்தை இரண்டு கட்டமாக எழுதச் சொல்வேன். கெடு வந்த பிறகு வாதாடுவதைவிட இது எளிது.

டிரேயில் ஒவ்வொரு இணைப்பிலும் நீள இடைவெளியும், கேபிளில் தளர்வு வளையமும் விட வேண்டும். எங்கள் வரைபடத்தில் வளையம் இருந்தது. களத்தில் கேபிளை அழகாக இழுத்துக் கட்டிவிட்டார்கள். மற்ற எந்தத் தளத்திலும் அதுதான் நல்ல வேலை என்பதால் ஆய்வாளரும் பாராட்டிவிட்டுப் போனார். இங்கே ஏன் தளர்வாக விட வேண்டும் என்பதைக் கட்டுபவரின் கையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எல்லா வாயுக் கிணறுக்கும் வண்டி போகும் அகலத்தில் வழி விடவேண்டும். அந்த வழியை முதலில் வரைந்துவிட்டு, மீதியில் பேனல்களை அடுக்க வேண்டும். நாங்கள் பேனல்களை அடுக்கிவிட்டு மீதியை வழி என்றோம்.

ஒப்பந்தத்தில் மேல்மூடிக்குப் பொறுப்பு யாருக்கு என்று ஒரே பெயர் இருக்க வேண்டும். அமெரிக்க விதியில் மூடிய பிறகும் 30 ஆண்டு பராமரிப்பு கேட்கிறார்கள். பேனல்களுக்குப் பொதுவாக 25 ஆண்டு உத்தரவாதம். இரண்டு காலமும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது, மேல்மூடியைத் திறக்க வேண்டிவந்தால் பேனல்களை யார், எத்தனை நாளில், யார் செலவில் எடுப்பது என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஒரு பக்கம் இல்லாததால் கழற்றும் முடிவுக்கு வரவே ஏழு வாரம் பேசினோம். அந்த ஏழு வாரமும் மீத்தேன் வெளியேறிக்கொண்டிருந்தது.

மட்ட அளவும் இன்வெர்ட்டர் எச்சரிக்கையும் வாயு அளவும் இப்போது ஒரே தாளில், ஒரே வரைபடத்தின் மேல், மாதம் ஒருமுறை மூன்று தரப்புக்கும் போகின்றன. வடக்குப் பகுதியில் இப்போது புல்லும் ஒன்பது மட்டக் குறிகளும்தான் இருக்கின்றன. கடைசி ஆறு மாதத்தில் நடுக்குறி 7 செ.மீ. இறங்கியிருக்கிறது. இரண்டு மழைக்காலம் தொடர்ந்து, ஆண்டுக்கு 3 செ.மீ.க்குக் கீழே வந்தால் மீண்டும் பேசலாம் என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். அதுவரை கிடங்கில் உள்ள பேனல்கள் அங்கேயே இருக்கும்.